கத்தரிக்கோலுக்கு உரிய நூல்: 1931 இன் இரு பிரெஞ்சுப் படப்புத்தகங்கள்

சிறுவர் சித்திரக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1897 இல் வியன்னாவில் பிரான்ஸ் சிசெக் நடத்திய வகுப்பிலிருந்தே தொடங்குவர். வளர்ந்தோரின் மாதிரிகளைப் பார்த்து வரைவது பிள்ளையின் இயல்பான ஆக்கத்தைக் கெடுக்கும் என்பது அவர் கொள்கை. இந்நோக்கில் படப்புத்தகம் ஐயத்துக்குரிய பொருளே. அது பிள்ளையைப் பிரதிபண்ணுபவனாக்குமா, ஆக்குவோனாக்குமா என்னும் வினாவுக்கு வேறொரு விடை பாரிஸில் கிடைத்தது.

1931 இல் போல் போஷே, பிளமாரியொன் பதிப்பகத்தின் மூலம் இரு மெல்லிய நூல்களை வெளியிட்டார். ஒன்று முகமூடி செய்வதற்கு. மற்றையது தாள் வெட்டுவதற்கு. 'பெயர் கஸ்தோர்' வரிசையின் முதல் நூல்கள் இவையே. அணைகட்டி வாழும் பீவர் என்னும் விலங்கின் பெயர் அது. போஷேயின் சிந்தனைக்கு ஊற்றாக விளங்கியவர் செக் நாட்டு ஆசிரியரான பக்குலே. 1913 இலிருந்து பிராக் நகரில் உடற்குறையுற்ற பிள்ளைகளுக்குக் கற்பித்த அவர், ஏட்டுப் பாடத்தை ஒதுக்கிக் கைத்தொழிலின் வழியே கல்வியூட்டினார். அவருடன் பணியாற்றிய லீடா துர்திக்கோவாவே பின்னர் போஷேயை மணந்து, இவ்வரிசைக்குக் கதைகளும் எழுதினார்.

முகமூடி நூலின் படங்களை ஆக்கிய நதாலி பரேன் கியேவில் பிறந்தவர். புரட்சிக்குப் பிந்திய மொஸ்கோவிற் கலை பயின்றவர். சோவியத் சிறுவர் நூல்களின் தட்டையான வர்ணமும் தெளிவான வெளிவரையும் அவர் வழியாகவே இங்கு வந்தன. இதனை வெறும் பாணி மாற்றமாகக் கொள்ளல் பொருந்தாது. ஒளிநிழல் காட்டித் தீட்டிய ஓவியத்தின் முன் பிள்ளை செயலற்று நிற்கும். அத்தகைய ஓவியத்துக்குப் பயின்ற கை வேண்டும். வர்ணத்தாளை வெட்டியமைத்தது போன்ற உருவமோ, தான் ஆக்கப்பட்ட முறையை வெளிப்படையாகவே காட்டிவிடுகிறது. பிள்ளை பின்பற்றுவது உருவத்தையன்று, செய்முறையை. எனினும் முகமூடி நூலில் பிள்ளையின் பங்கு வெட்டுவதோடு நின்றுவிடுகிறது என்பதை மறைத்தற்கில்லை. வட்டங்களையும் சதுரங்களையும் கொண்டு பரேன் 1932 இல் ஆக்கிய நூலையே நாம் முதன்மையானதாகக் கருதுவோம். அவ்வடிவங்களை மாற்றி அடுக்கினால் வேறு உருவம் பிறக்கும்.

கனத்த பரிசுநூல்கள் வசதிபடைத்தோர் இல்ல அலுமாரிகளை அலங்கரித்த காலத்தில், மெல்லிய அட்டையும் கல்லச்சும் இந்நூல்களின் விலையைக் குறைத்தன. 1940 இல் இங்கிலாந்தில் ஆறு பென்ஸுக்கு விற்கப்பட்ட பஃபின் படநூல்களுக்கும், சோவியத் நூல்களோடு இவை முன்மாதிரியாயின. 1947 இல் போஷே பாரிஸில் ஒரு சிறு பாடசாலையையும் நிறுவினார். புதிய நூல்கள் அங்கே பிள்ளைகளிடம் பரீட்சித்துப் பார்க்கப்பட்டன.

வரலாற்று மாணவர்க்கு இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. பெயர் கஸ்தோர் ஆவணங்கள் 2017 இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றுவிட்டன. ஆயின் தம் பணியைச் செவ்வனே செய்த பிரதிகள் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, முகமூடியாகி, கிழிந்து மறைந்துபோயின. முழுமையாக எஞ்சியிருப்பவை எந்தப் பிள்ளையும் கத்தரிக்கோல் வைக்காத பிரதிகள்; நாம் சான்றாகக் கொள்வதும் அவற்றையே.