பக்கத்து வீட்டுக்காரருக்காக ஒரு சைலன்சர்

காரின் சைலன்சரைக் கேட்டு வாங்கியது அதை ஓட்டியவர் இல்லை. அவருக்கு எஞ்சின் சத்தம் என்றுமே இனித்தது. முகம் சுளித்ததெல்லாம் தெருவில் நின்றவர்கள்தான்.

1896-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், கொலம்பஸ் என்ற சிற்றூரில், மில்டன் ரீவ்ஸ் குதிரையில்லாத வண்டி ஒன்றைக் கட்டினார். 'மோட்டோசைக்கிள்' என்று பெயர் வைத்தாலும் அது நாலு சக்கர வண்டி. மனிதர் சும்மா இருக்கத் தெரியாதவர். மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தபோது, ரம்பத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க வழியில்லாமல் மரம் வீணாவதைப் பார்த்து, விட்டம் மாறும் கப்பியை உருவாக்கியவர். கியர் மாற்றாமல் ஓடும் இன்றைய ஸ்கூட்டருக்குள் இருப்பது அந்தக் கப்பியின் பேரப்பிள்ளைதான். பிற்பாடு, 1911-இல், எட்டு சக்கரக் கார் ஒன்றையும் செய்தார். அது விலை போகவில்லை.

மோட்டோசைக்கிளின் எஞ்சின் படகுக்காகச் செய்யப்பட்டது. தண்ணீரின் நடுவே அதன் இரைச்சலை யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். குதிரை வண்டிகள் போகும் கடைத்தெருவில் கதை வேறு. சத்தத்தையும் புகையையும் அடக்க மில்டனும் அவர் சகோதரரும் தொழில் கூட்டாளியுமான மார்ஷலும் ஒரு சைலன்சரை, அமெரிக்கர் பேச்சில் 'மஃப்ளரை', வடிவமைத்தார்கள். அதற்கு 1897 மே மாதம் காப்புரிமை கிடைத்தது.

அது செய்யும் வேலை எளிது. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும், சிலிண்டரில் அடைபட்டிருந்த சூடான வாயு ஒரே அடியாகப் பீறிடுகிறது. நம் காதில் விழும் 'டப்' அதுதான். வழியில் ஒரு பெரிய அறையை வைத்தால் வாயு அங்கே விரிந்து, சுவர்களில் மோதித் திரும்பி, வேகம் தணிந்து வெளியேறும். ஆனால் வாயுவைத் தடுத்து நிறுத்தினால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். மெக்கானிக்குகள் 'பேக் பிரஷர்' என்று அலுத்துக்கொள்வது இதைத்தான்.

ஓட்டுநர்கள் இதற்கு உடனே ஒரு குறுக்கு வழி கண்டார்கள். எஞ்சினுக்கும் மஃப்ளருக்கும் நடுவே 'கட்-அவுட்' என்ற கதவு வந்தது. மேடு ஏறும்போது காலால் அதைத் திறந்துவிட்டால் வாயு மஃப்ளருக்குள் போகாமல் நேரே வெளியே பாயும். மேடு ஏறத்தான் அது என்று சொல்லிக்கொண்டார்கள். சமதளத்திலும் வீராப்புக்காகத் திறந்தார்கள். ஊர் ஊராகத் தடை வந்தது. மனிதர் மாறவில்லை என்பதற்கு இன்றைய புல்லட்டுகளைப் பார்த்தால் போதும்.

அடக்குவதற்கென்று பிறந்த சாமான் அதன்பின் சத்தத்தை அலங்கரிக்கும் சாமானாகவும் ஆனது. துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழையைப் பொதிந்த 'கிளாஸ்பேக்' வகை அமெரிக்க இளைஞர்களின் செல்லம். வாயு தடையில்லாமல் போகும். கீச்சுச் சத்தத்தை மட்டும் இழை விழுங்கும். அடித்தொண்டை உறுமல் மிஞ்சும்.

அந்த உறுமலை உச்சத்துக்குக் கொண்டுபோன கார்களில் ஒன்று போர்டு கம்பெனியின் ஷெல்பி ஜிடி350 மஸ்டாங். 5.2 லிட்டர் வி8, 526 குதிரைத்திறன். போர்டின் வாகனப் பொறியியல் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஸ்டீவ் வான் ஃபோர்ஸ்டர், டெட்ராய்ட் புறநகரில் தன் வீட்டு வாசலிலிருந்து இந்தக் காரை ஒருநாள் அதிகாலையில் வெளியே எடுத்தார். அக்கம்பக்கத்தார் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார்கள்! போலீஸ் வருவதற்குள் அவர் கிளம்பிவிட்டிருந்தார். ஆனால் விஷயம் மனதில் தைத்தது. 2018 மஸ்டாங் ஜிடியில் 'குவைட் மோட்' வந்த கதை இதுதான். நிறுவனம் சொன்ன கணக்குப்படி வி8 மஸ்டாங் உயிர்பெறும்போது எழும் சத்தம் 82 டெசிபல். அமைதி முறையில் 72. பத்து டெசிபல்தானே என்று நினைக்கக் கூடாது, காதுக்கு அது பாதிச் சத்தம். இரவு 8 மணி முதல் காலை 7 மணி வரை அடக்கி வாசி என்று நேரம் குறித்து வைக்கவும் முடியும்.

குழாய்க்குள் திறந்து மூடும் வால்வுதான் இதைச் செய்கிறது. உற்றுப் பார்த்தால் அந்தப் பழைய கட்-அவுட் கதவேதான். அன்று அதை ஓட்டுநர் திறந்துவிட்டதற்காகத் திட்டினார்கள். இன்று அதை மூடத் தெரிவதற்காகக் கூடுதல் பணம் கேட்கிறார்கள்.

இந்த வால்வு இல்லாத காரை வைத்திருப்பவர் சத்தத்தைக் குறைக்க மஃப்ளரையே மாற்ற வேண்டும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். காருக்குப் பின்னால் நின்று கேட்டு, சத்தம் குறைவாக இருக்கிறது என்று வாங்கிவிடுவார்கள். நெடுஞ்சாலையில் நிமிடத்துக்கு 2000 சுற்றில் போகும்போது, உள்ளே காதை அடைக்கும் ஒரு முனகல் கிளம்பும். வி8 எஞ்சினில் எட்டு சிலிண்டரும் சேர்ந்து ஒரு சுற்றுக்கு நான்கு முறை வெடிப்பதால் நொடிக்கு 133 அதிர்வு. பொதிந்த இழைக்கு அவ்வளவு தாழ்ந்த ஒலி பிடிபடாது. அதற்கு மருந்து, பிரதானக் குழாயில் முனை அடைத்த கிளைக்குழாய் ஒன்றைப் பற்றவைப்பது. கிளைக்குள் போன அலை முட்டித் திரும்பும்போது எதிர்முகமாக வந்து மூல அலையை அழிக்கும். சூடான வாயுவில் இந்த அதிர்வெண்ணுக்கு ஏறத்தாழ 1 மீட்டர் நீளம் வேண்டும். அடியில் அத்தனை இடமில்லாவிட்டால் வளைத்துத் திருப்பிவிடுகிறார்கள்.

இன்னொன்று, கண்ணாடி இழை வருடக்கணக்கில் சூடு பட்டுப் பட்டுப் பொடிந்து குழாய் வழியே போய்விடும். புதிதாய் வாங்கியபோது அடக்கமாக இருந்த கார் மெல்ல மெல்லக் குரலை உயர்த்தும். ஆகவே அமைதிக்காக வாங்குகிறவர், இழையை நம்பாமல் உள்ளே தகட்டுத் தடுப்பறைகள் உள்ள வகையை, கார் இடம் கொடுக்கும் மட்டும் பெரிய உருளையாகப் பார்த்து வாங்குவது நல்லது.