கூடைப்பந்து ஷூவும் நம்ம ஊர் சிமெண்ட் தரையும்

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளை விளையாட அனுப்பும் பெற்றோர் பொறுமையாகக் கடைசிவரை படிக்க வேண்டுகிறேன்.

பள்ளி திறந்து போட்டிகள் நெருங்கும்போது என்னிடம் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "சார், பொண்ணு பாஸ்கட்பால் டீம்ல செலக்ட் ஆயிருக்கா. எந்த ஷூ சார் வாங்கறது?" கேட்பவர்களில் பாதிப்பேர் பிள்ளையார்பாளையம் பக்கம் தறியில் உட்காருகிறவர்கள். கடையில் ஆறாயிரம், எட்டாயிரம் என்பார்கள். சேலை நெய்து வாங்கும் கூலியில் பெரும்பங்கு அதிலேயே போய்விடும். அதனால் போகிறபோக்கில் ஒரு கம்பெனிப் பெயரைச் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. 31 வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில், இந்த ஷூவின் வரலாற்றையே சொல்லிவிடுகிறேன். பதில் அதற்குள் இருக்கிறது.

கூடைப்பந்து பிறந்தது 1891 டிசம்பரில், அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில். ஜேம்ஸ் நெய்ஸ்மித்தும் உடற்கல்வி ஆசிரியர்தான். கடுங்குளிரில் வெளியே விளையாட முடியாத 18 மாணவர்களுக்காக, ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் உள்ளரங்கில் பீச் பழக்கூடை இரண்டை மாட்டினார். கூடை மாட்டிய மாடி வளைவின் உயரம் பத்தடி. இன்றைக்கும் வளையத்தின் உயரம் அதே பத்தடிதான், அதாவது 3.05 மீட்டர். அங்கே காலுக்கடியில் இருந்தது மரத்தரை என்பதை மட்டும் இப்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மரத்தரையில் ஓடிச் சட்டென்று நிற்க வேண்டும், நின்ற இடத்தில் திரும்ப வேண்டும். தோல் அடிப்பாகம் வழுக்கும். 1839-ல் சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் வழியைக் கண்டுபிடித்திருந்தார். அந்த ரப்பர் அடிப்பாகமும் கேன்வாஸ் துணியும் சேர்ந்து 1917-ல் கன்வர்ஸ் கம்பெனியின் ஆல் ஸ்டார் ஷூ வந்தது. 1921-ல் சக் டெய்லர் என்ற ஆட்டக்காரர் அந்தக் கம்பெனியில் விற்பனையாளராகச் சேர்ந்தார். ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி முகாம் நடத்துவார், கூடவே ஷூவும் விற்பார். பின்னால் அவர் பெயரே ஷூவில் ஏறியது.

இந்த இடத்தைக் கவனியுங்கள். இந்த ஷூ நல்ல ஷூ என்று தீர்ப்புச் சொன்னவரும் அதை விற்றவரும் ஒரே ஆள். 1985-ல் மைக்கேல் ஜோர்டன் பெயரில் நைக்கி ஷூ விற்பனைக்கு வந்தபிறகு அந்த வழக்கம் உலகம் முழுவதும் பரவியது. யார் போட்டார் என்பதுதான் கேள்வி ஆனது. எந்தத் தரையில் போட்டார் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது நம் பக்கம் வருவோம். 1920-ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்ற ஆசிரியர்கள் மூலம் பல ஆட்டங்கள் நம் பள்ளிகளுக்கு வந்தன. ஆட்டம் வந்ததே தவிர, மரத்தரை வரவில்லை. நம் பிள்ளைகள் ஆடியது வெட்டவெளியில், முதலில் மண் தரை, பிறகு சிமெண்ட். காலில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. வசதி இருந்தால் வெள்ளை கேன்வாஸ். பள்ளிப் பிள்ளைகளின் உடற்பயிற்சிக்கென்றே பாட்டா 1936-ல் கல்கத்தா பக்கம் செய்யத் தொடங்கிய ஷூ வகை அது. சனிக்கிழமை துவைத்து, சுண்ணாம்புக்கட்டி பூசி, வெயிலில் காய வைத்தது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

இன்று நிலைமை மாறிவிட்டது. நைக்கிக்கு ஷூ செய்து கொடுக்கும் தைவான் குழுமத்தின் தொழிற்சாலை பக்கத்திலேயே செய்யாறு சிப்காட்டில் இயங்குகிறது. நம்மைச் சுற்றியுள்ள கிராமத்துப் பெண்கள்தான் அங்கே வேலை பார்க்கிறார்கள். ஷூ செய்யும் கை பக்கத்து ஊருக்கு வந்துவிட்டது. ஆனால் விளம்பரத்தில் வரும் கூடைப்பந்து ஷூ மனதில் வைத்திருப்பது பளபளப்பான மரத்தரையைத்தான்.

அந்த ஷூவைச் சிமெண்டில் போட்டால் என்ன ஆகும்? உள்ளரங்க ஷூவின் அடி ரப்பர் மிருதுவாக இருக்கும், கோடுகள் மெல்லியவை. சொரசொரப்பான சிமெண்டில் அது அழிரப்பர் தேய்வதுபோல் தேய்ந்துவிடும். புழுதி கோடுகளில் அடைத்துக்கொண்டால் வழுக்கும். சிமெண்ட் கொஞ்சமும் வளைந்து கொடுக்காது. குதித்து இறங்கும் அதிர்ச்சி முழுவதும் குதிகாலுக்கும் முழங்காலுக்கும் போகும்.

விலை கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2019 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய ஸையன் வில்லியம்சன், ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகாத நிலையில் காலை ஊன்றித் திரும்பினார். ஷூ பிளந்து பாதம் வெளியே வந்தது, முழங்கால் சுளுக்கியது. ஏறக்குறைய 129 கிலோ எடையுள்ள ஆட்டக்காரர் அவர். பிளந்தது மேல்பாகமும் அடிப்பாகமும் சேரும் இடத்தில். நம் ஊர்க்காரர்களுக்கு இது சொல்லாமலே புரியும். உடலும் கரையும் சேரும் கோர்வையை இழுத்துப் பார்த்துத்தானே சேலையின் உறுதியைச் சொல்கிறோம்? ஜரிகையின் மினுமினுப்பை நம்பாமல் சோதித்துப் பார்க்கும் ஊர் இது. ஷூ விஷயத்தில் மட்டும் ஏன் மினுமினுப்பை நம்ப வேண்டும்?

விற்பனையாளர் அல்லாதவர்கள் சோதித்ததும் உண்டு. 1993-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 622 கல்லூரி ஆட்டக்காரர்களைச் சேர்த்து, கணுக்காலை மூடும் உயர ஷூ, தாழ்வான ஷூ என்று பிரித்துக் கொடுத்து ஒரு சீசன் முழுவதும் கவனித்தார்கள். கணுக்கால் சுளுக்கில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. 2001-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு இன்னும் முக்கியம். முன்பே கணுக்காலில் அடிபட்டவருக்கு மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய 5 மடங்கு. குதிகாலில் காற்றறை வைத்த ஷூ போட்டவருக்கு 4.3 மடங்கு. ஆட்டத்துக்கு முன் தசைகளை நீட்டிப் பயிற்சி செய்யாதவருக்கு 2.6 மடங்கு. 2011-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1,460 பள்ளி ஆட்டக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வில், லேஸ் கட்டும் கணுக்கால் பிரேஸ் அணிந்தவர்களுக்குக் கணுக்கால் காயம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.

ஆகவே, கடைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

1. சாயங்காலம் போங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கி இருக்கும். ஆட்டத்துக்குப் போடும் சாக்ஸோடு போட்டுப் பார்க்கட்டும். விரல் முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், குதிகால் மேலே தூக்கக் கூடாது.

2. ஷூவைக் கையில் எடுத்து மடக்குங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் வேண்டாம். துணி பிழிவதுபோல் முறுக்கினால் நடுப்பாகம் எளிதில் முறுக்கிக்கொள்ளக் கூடாது. குதிகால் பக்கம் அழுத்தினால் உறுதியாக நிற்க வேண்டும்.

3. அடியைத் திருப்பிப் பாருங்கள். நம் சிமெண்டுக்குக் கெட்டியான ரப்பரும் ஆழமான கோடுகளும் வேண்டும். மேல்பாகமும் அடிப்பாகமும் சேரும் இடத்தில் தையல் இருக்கிறதா, வெறும் பசையா என்று பாருங்கள்.

4. கடையிலேயே ஓடி நிற்கச் சொல்லுங்கள், பக்கவாட்டில் நகரச் சொல்லுங்கள், இரண்டு காலில் குதித்து இறங்கச் சொல்லுங்கள். ஷூவுக்குள் பாதம் வழுக்கினால் அந்த ஷூவை விட்டுவிடுங்கள்.

இந்த நான்கிலும் தேறுகிற ஷூ குறைந்த விலையில் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு பிரேஸ் வாங்கலாம். கோடுகள் தேய்ந்துபோனால் ஷூவை மாற்றவும் கையில் காசு இருக்கும்.

கடைசியாக ஒன்று, பெற்றோருக்கும் பயிற்சி கொடுக்கும் தம்பி தங்கைகளுக்கும். அந்த 5 மடங்குக் கணக்கை மறக்காதீர்கள். மேட்ச் இருக்கிறது என்பதற்காகச் சுளுக்கிய காலோடு பிள்ளையை இறக்கிவிட்டால், எட்டாயிரம் ரூபாய் ஷூவும் காப்பாற்றாது. முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். ஒற்றைக் காலில் நின்று, குதித்து, வலி இல்லாமல் திரும்ப முடிகிற நாளில் ஆடட்டும். மேட்ச் அடுத்த வருடமும் வரும். கால் பிள்ளைக்கு ஆயுள் முழுக்க வேண்டும்.

உங்கள் பிள்ளைகள் எந்தத் தரையில் ஆடுகிறார்கள், ஷூ எத்தனை மாதம் தாங்குகிறது என்று எழுதுங்கள். மற்ற பெற்றோருக்கு உதவும்.