பாசி வடித்த தண்ணீர்

மான்ட்ரியல் நகரத்துக்குள் குடியிருப்பவர்களுக்குக் கழிவறைத் தண்ணீர் எங்கே போகிறது என்ற கவலை கிடையாது. தீவின் கிழக்கு முனையில் 1984இல் ஓடத் தொடங்கிய ராட்சதச் சுத்திகரிப்பு நிலையம் பார்த்துக்கொள்கிறது. 2015 நவம்பரில் குழாய் வேலைக்காக ஏறக்குறைய 500 கோடி லிட்டர் கழிவுநீரை அப்படியே செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் திறந்துவிட்டபோதுதான் ஊருக்கே அந்த நினைப்பு வந்தது.

பாலம் தாண்டி வடக்கே லாரன்ஷியன் மலைப்பக்கம் போனால் நிலைமை வேறு. ஏரிக்கரை வீடுகளுக்குப் பாதாளச் சாக்கடை போகாது. வீட்டுக்கு ஒரு செப்டிக் டேங்க். டேங்க் செய்வது பாதி வேலைதான். கசடு அடியில் தங்கும், எண்ணெய் மேலே மிதக்கும், நடுவிலுள்ள தண்ணீர் நாற்றத்தோடும் கிருமியோடும் வெளியேறும். மீதி வேலை மண்ணுடையது. 1981இல் இந்தப் பகுதிகள் அடங்கிய கியூபெக் மாகாண அரசு தனி வீடுகளின் கழிவுநீருக்கென்று விதிகள் கொண்டுவந்தபோது, பல இடங்களில் அந்த மண்தான் இல்லை. மலையில் நாலு விரற்கடை மண்ணுக்குக் கீழே பாறை. சமவெளியிலோ பழைய சாம்ப்லேன் கடல் விட்டுப்போன களிமண். ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காது.

மண் செய்யவேண்டியதை ஒரு தொட்டிக்குள் செய்யவைக்க முடியுமா என்பதுதான் கேள்வி. விடை சதுப்பு நிலத்தில் கிடந்தது.

ஸ்பேக்னம் என்ற பாசி மட்கி, ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வீதம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் படிந்ததுதான் பீட். தன் எடையைப் போல் இருபது மடங்கு வரை நீரை உறிஞ்சிவைக்கும் பாசி அது. முதல் உலகப்போரில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் பான்சால் போர்ட்டர் இந்தப் பாசியைக் காயக்கட்டுக்குப் பயன்படுத்தும்படி எழுதினார். கனடாவின் பாசிக்கட்டுகள் போர்க்கள மருத்துவமனைகளுக்குப் போயின. அவருடைய துறை சுரங்கப் பொறியியல் என்பதுதான் வேடிக்கை.

கழிவுநீருக்குப் பீட்டைப் பயன்படுத்தும் யோசனை கியூபெக்கில் மட்டும் முளைத்ததல்ல. எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் மெய்ன் பல்கலைக்கழகத்தில் ஜோன் புரூக்ஸும் அவருடைய சகாக்களும் பீட் படுகைகளைச் சோதித்து 1984இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அயர்லாந்தில் அப்போது பீட் வெட்டிவந்த அரசு நிறுவனமான போர்ட் ந மோனாவும் அதே வழியில் வடிகட்டி செய்தது. கியூபெக்கில் அதை வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தது, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள ரிவியேர்-து-லூ ஊரின் ப்ரெமியர் டெக் நிறுவனம். 1923 முதல் தோட்டக்காரர்களுக்குப் பீட் விற்றுவந்தவர்கள், 1995இல் எக்கோஃப்லோ என்ற வடிகட்டியை இறக்கினார்கள்.

அமைப்பு எளிமையானது. டேங்கிலிருந்து வரும் தண்ணீர் கவிழும் தொட்டி ஒன்றில் சேரும். நிறைந்ததும் அது சாய்ந்து, துளையிட்ட தட்டுகளில் கொட்டும்; தட்டிலிருந்து பீட்டின்மேல் சொட்டுச்சொட்டாக இறங்கும். சரிவு வாய்த்த மனையில் மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். சுத்தம் செய்வது பீட் என்று சொல்வது முழுச் சரியல்ல. பீட் ஒரு குடியிருப்பு. அதன் நாரிடுக்குகளில் ஈரமும் காற்றும் ஒருசேர நிற்பதால் பாக்டீரியாக்கள் குடியேறி அழுக்கைத் தின்கின்றன. பூமிக்குள் புதைந்திருப்பதால் வெளியே மைனஸ் இருபது பாகை என்றாலும் அவை பட்டினி கிடப்பதில்லை. லிட்டருக்கு 15 மில்லிகிராம் அழுக்குக்கு மேல் போகக்கூடாது என்ற மாகாணத்தின் உயர்நிலை வரம்புக்குள் தண்ணீர் வருகிறது. ஆண்டுகள் போகப் பீட்டும் மட்கி அடைத்துக்கொள்ளும். அப்போது அதை உறிஞ்சியெடுத்து உரமாக்கிவிட்டுப் புதியதை நிரப்புவார்கள்.

மலிவு என்பார்கள். பீட் மலிவுதான், அதுவும் அது கிடைக்கும் ஊரில். தொட்டியும் ஆளும் குழி தோண்டும் இயந்திரமும் சேர்ந்தால் விலை சாதாரணக் குடும்பத்தை யோசிக்கவைக்கும். இன்னொரு சங்கடமும் உண்டு. சதுப்பு நிலம் கரியைப் பூட்டிவைத்திருக்கும் கிடங்கு. வெட்ட வெட்ட அந்தக் கரி காற்றில் கலக்கும்.

2010களில் அதே எக்கோஃப்லோவுக்குள் புதிய சரக்கு ஒன்று வந்தது: தேங்காய் மட்டைத் துண்டுகள்! நம் மாடித்தோட்டக்காரர்கள் தொட்டியில் போடும் கோகோபீட்டின் உறவுதான். மட்டையில் லிக்னின் அதிகம், அதனால் எளிதில் மட்காது. கயிறு திரிப்பதற்காக மாதக்கணக்கில் நீரில் ஊறப்போட்டவர்களுக்கு அதன் பிடிவாதம் தெரியும். துண்டுகளுக்கிடையே காற்றும் நன்றாக ஓடும். தென்னை முளைக்காத நாட்டில், பனிக்கு அடியில், மட்டை வேலைபார்க்கிறது.

பொள்ளாச்சியில் மட்டைக்குப் பஞ்சமில்லை. நார்க்கழிவைக் கழுவி, உப்பிறக்கி, கட்டியாக அழுத்திக் கப்பலேற்றுகிறோம். நம் செப்டிக் டேங்குகளின் தண்ணீரோ பெரும்பாலும் தெருச் சாக்கடைக்குப் போகிறது. சரக்கை மட்டும் கொண்டுவந்தால் இது மாறாது. கியூபெக்கில் இத்தகைய வடிகட்டி வைத்தவர், ஆண்டுதோறும் பராமரிக்கத் தயாரிப்பாளரோடோ தகுதியுள்ள வேறொருவரோடோ ஒப்பந்தம் போட்டே ஆகவேண்டும். ஆண்டு முழுதும் குடியிருக்கும் வீட்டின் டேங்கை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது இறைக்கவேண்டும் என்பதும் விதி. நம் ஊரில் டேங்க் பொங்கி வழிந்த பிறகுதான் லாரிக்குப் போன் போகிறது.