மண்ணெண்ணெய் கெடுத்த மணம்: பெங்கிரித் தைலத்தின் கதை

வாசனைத் தைலங்களைக் கொண்டு வீட்டிலேயே உடல்நலம் பேணும் வழக்கம் மேலைநாடுகளிலிருந்து வந்த புதுமை என்பது போல இன்று பேசப்படுகின்றது. புலம்பெயர்ந்து வாழும் நம்மவர் வீடுகளிலும் இத்தைலப் போத்தல்கள் இடம்பிடித்துவிட்டன. அவற்றுள் ஒன்று ஒரு காலத்தில் இலங்கையின் தென்கரையிலிருந்தே உலகெங்கும் சென்றது என்பதையும், அந்தச் சந்தையை நாம் எவ்வாறு இழந்தோம் என்பதையும் அறிந்தோர் மிகச் சிலரே. சிட்ரொனெல்லா எனப்படும் அத்தைலத்தைச் சிங்கள மக்கள் 'பெங்கிரி' என்பர்.

இலங்கைச் சமையலில் 'சேர' என வழங்கும் எலுமிச்சைப்புல்லின் நெருங்கிய உறவுதான் இந்தப் புல். காலி, மாத்தறை, அம்பாந்தோட்டைப் பகுதிகளில், வேறு பயிர் செழிக்காத நிலத்திலும் இது வளர்ந்தது. அறுத்த புல்லைப் பெரிய கலனில் அடைத்து, அதனூடே நீராவியைச் செலுத்துவர். நீராவி எண்ணெயைத் தன்னுடன் எடுத்துக்கொண்டு குழாய் வழியே சென்று குளிர்ந்து நீராகும். அந்நீரின்மேல் மிதப்பதே தைலம். எண்ணெய் வடித்தபின் எஞ்சும் சக்கையை உலர்த்தி அடுப்புக்கே விறகாக்குவர். பெரும் முதலீடு வேண்டாத இத்தொழில் கிராமத்தவருக்கு ஏற்றதாக இருந்தது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கைத் தைலத்துக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும் கேள்வி இருந்தது. சவர்க்கார உற்பத்தியாளரே இதனை மிகுதியாக வாங்கினர். கேள்வி பெருகவே, கலப்படமும் பெருகிற்று. மண்ணெண்ணெய் மலிவானது, தைலத்துடன் இலகுவில் கலந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. தேங்காயெண்ணெய் கலந்திருந்தால் தாளில் ஒரு துளி இட்டுப் பார்த்தாலே நீங்காத எண்ணெய்க் கறை காட்டிக்கொடுத்துவிடும். மண்ணெண்ணெயோ தானும் ஆவியாகி மறைந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஜேர்மனியின் லைப்சிக் நகரைச் சேர்ந்த சிம்மல் நிறுவனம் ஒரு சோதனையை வகுத்தது. ஒரு பங்கு தைலத்தை 80 சதவீத அற்ககோலின் பத்துப் பங்கில் 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் கலக்கும்போது, அது தெளிவாகக் கரைய வேண்டும். மண்ணெண்ணெய் அதிகமாயின் கலவை கலங்கிவிடும். வர்த்தகர் சிலர் இதற்கும் வழி கண்டனர். சோதனையில் தேறக்கூடிய அளவுக்கு மாத்திரம் மண்ணெண்ணெயைக் கலந்தனர்! ஆகவே, தைலத்துடன் மேலும் 5 சதவீதம் மண்ணெண்ணெயை வேண்டுமென்றே சேர்த்து, அதன் பின்னரும் தெளிவாகக் கரைகின்றதா எனப் பார்க்கும் கடுமையான சோதனை பின்னர் நடைமுறைக்கு வந்தது. ஒரு நாட்டின் பண்டத்தை நம்ப முடியாமல் அதற்கெனவே சோதனைகள் வகுக்கப்பட்டன என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியன்று.

இந்நிலையில் யாவா முன்னே வந்தது. இலங்கையில் 'லேனபட்டு', 'மகா பெங்கிரி' என இருவகைப் புற்கள் இருந்தன. பரவலாகப் பயிரிடப்பட்ட லேனபட்டுவில் சிட்ரொனெல்லால் எனும் மணப்பொருள் பொதுவாக 5 முதல் 15 சதவீதமே. மகா பெங்கிரியில் அது 30 சதவீதத்தை விஞ்சும். இந்த உயர்ந்த வகை இங்கிருந்தே யாவாவுக்குச் சென்றதாகத் தாவரவியல் நூல்கள் கூறுகின்றன. ஆயினும் உலகம் இன்று அதனை 'யாவா வகை' என்றே அழைக்கின்றது. இரண்டாந்தர வகைக்கே 'இலங்கை வகை' என்ற பெயர் நிலைத்துவிட்டது. கலப்படம் மட்டுமே வீழ்ச்சிக்குக் காரணம் என நான் கூறமாட்டேன். யாவாவின் புல்லும் மேலானதே. ஆனால், வாங்குவோரின் நம்பிக்கையை இழந்த பின்னர் போட்டியைச் சமாளிப்பது எளிதன்று.

நுளம்பை விரட்டும் ஆற்றலே இத்தைலத்தை வீடுகளில் நிலைபெறச் செய்தது. 1934-35இல் இலங்கையைத் தாக்கிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பறித்தது. அப்பேரழிவின் முன் எந்த வாசனைத் தைலமும் கேடயமாக முடியாது. 2016இல் மலேரியா அற்ற நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததன் பின்னால் இருந்தவை மருந்தும், பூச்சிகொல்லியும், சுகாதார ஊழியரின் இடைவிடா உழைப்புமே. டெங்கு விடயத்திலும் இதுவே உண்மை. டெங்கு நுளம்பு பெரும்பாலும் பகலில் கடிக்கும். பூச்சாடியிலும் சிரட்டையிலும் தேங்கிய நீரை அகற்றாமல் தைலத்தை மட்டும் நம்புவது ஆபத்தானது.

இதனால் இத்தைலம் பயனற்றது என்றாகாது. நிலம் துடைக்கும் நீரில் சில துளிகள் விடலாம். தோலில் பூசுவதாயின் தேங்காயெண்ணெயில் நன்கு ஐதாக்கிப் பூசவேண்டும். அதன் பலன் ஓரிரு மணி நேரத்துக்கு மேல் நில்லாது. கைக்குழந்தைகளுக்குப் பூசுதல் கூடாது. எவரும் அருந்தலாகாது; போத்தலைச் சிறுவருக்கு எட்டாத இடத்தில் வைக்கவேண்டும்.

'தூய இயற்கைத் தைலம்' என்ற சொற்றொடர் இன்று எல்லாப் போத்தல்களிலும் அச்சிடப்படுகின்றது. நூறாண்டுகளுக்கு முன்னர் நமது துறைமுகங்களிலிருந்து கப்பலேறிய பீப்பாய்களும் தூயவை என்றே விற்கப்பட்டன. தாவரத்தின் பெயரும், பிறந்த நாடும், வடித்தவர் விபரமும் தெளிவாக எழுதப்படாத போத்தலை வாங்காதிருப்பதே பெங்கிரியின் வரலாறு நமக்குத் தரும் பாடமாகும்.