ஆங்கில மரபுத்தொடர்கள் (சீனர் கற்கும் முறை)

சீன மரபுத்தொடர்களில் பெரும்பாலானவை நான்கெழுத்தில் அடங்கும் 'செங்யூ' வகையின. ஆங்கிலத் தொடருக்கு இணையான செங்யூ கிடைத்தால் விளக்கம் எளிது: ஒரே கல்லில் இரண்டு பறவை, சீனத்தில் ஒரே அம்பில் இரண்டு கழுகு. பணத்தைத் தண்ணீராக இறைப்பவர், அங்கே பொன்னை மண்ணாக வீசுபவர்.

உருவம் ஒத்துப் பொருள் பிரியும் தொடர்களே உண்மையான பொறி. சொன்ன சொல்லை 'உண்பது' ஆங்கிலத்தில் தவறு என ஒப்புக்கொள்வது. அதே உருவம் கொண்ட சீனத்தின் 'ஷி-யென்' (சொல்லை உண்ணல்) வாக்குத் தவறுவது. காலை இழுப்பது ஆங்கிலத்தில் வெறும் கேலி. சீனத்தில் பின்னங்காலை இழுப்பது ஒருவர் முன்னேற்றத்துக்குத் தடையாவது. (தமிழரின் காலை வாருதல் சீனருக்கே நெருக்கம்.)

சில தொடர்கள் சீனருக்குப் புதியவையே அல்ல: 'முகம் இழத்தல்', 'காகிதப் புலி' ஆகியன சீனத்திலிருந்தே ஆங்கிலத்துக்குச் சென்றவை. பின்னதை 1946இல் மாவோ அமெரிக்க இதழாளர் அன்னா லூயிஸ் ஸ்ட்ராங்குக்கு அளித்த பேட்டி பரப்பியது.