காது மெஷின் வாங்கினால் போதுமா? கேட்கப் பழகிய மனிதர்களின் வரலாறு



கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் நேரம் ஒதுக்கி வாசியுங்கள்.

நம் ஊரில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று இருக்கிறது. "பிள்ளைகள் எல்லாரும் காசு சேர்த்து வாப்பாவுக்கு காது மெஷின் வாங்கிக் குடுத்தம். ரெண்டு நாள் போட்டாங்க. ஒரே இரைச்சல் எண்டு கழட்டி வச்சிட்டாங்க."

அதற்குப் பிறகு நடப்பதும் நமக்குத் தெரியும். காசு வீணாகிவிட்டதே என்று பிள்ளைகளுக்குக் கவலை. தன்னால் முடியவில்லையே என்று பெரியவருக்குக் கூச்சம். கல்யாண வீட்டில் ஒரு மூலைக் கதிரையில் உட்கார்ந்துகொள்வார். பேச்சுக் கொடுத்தால் சிரிப்பார். நாம் கேட்டது என்ன என்று அவருக்கு விளங்கியிருக்காது. கொஞ்ச நாளில் கல்யாண வீட்டுக்கு வருவதும் நின்றுவிடும். பேரப்பிள்ளைகள் அவரிடம் கதை சொல்வதையும் நிறுத்திவிடுவார்கள்.

பெரும்பாலும் இதில் மெஷினிலும் குறை இல்லை, ஆளிடமும் குறை இல்லை. கேட்பதற்குப் பழக வாரக்கணக்கில் நாள் எடுக்கும் என்பதையும், பழகுவதற்கு ஒரு முறை இருக்கிறது என்பதையும் யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. இந்த விஷயத்தை உலகமே தாமதமாகத்தான் கற்றுக்கொண்டது. அந்த வரலாற்றைப் பார்ப்போம்.

மெஷின் இல்லாத காலம்

நம் மத்ரஸா மாணவர்கள் அறிந்த ஒரு பெயரிலிருந்து தொடங்குவோம். நைஸாபூரைச் சேர்ந்த ஹதீஸ் அறிஞர் அபுல் அப்பாஸ் முஹம்மத் இப்னு யஃகூப், ஹிஜ்ரி 247இல் பிறந்து 346இல் மறைந்தவர். வரலாற்றில் அவர் "அல் அஸம்", அதாவது காது கேளாதவர் என்ற பெயரிலேயே அறியப்படுகிறார். இளம் வயதில் கல்வி தேடி நீண்ட பயணம் போய்த் திரும்பிய பிறகு அவருடைய கேள்வி குறைந்தது. பிறகு கழுதை கத்தினாலும் கேட்காத அளவுக்கு முற்றியது. இருந்தும் எழுபது வருடங்களுக்கு மேல் ஹதீஸ் கற்பித்தார். தன் பள்ளிவாசலில் அதானும் சொல்லி வந்தார். கடைசிக் காலத்தில் பார்வையும் போய்விட்டது. அப்போது மாணவர்கள் அவர் கையில் ஒரு பேனாவை வைப்பார்களாம். பாடம் கேட்க ஆள் வந்திருக்கிறது என்று அதிலிருந்து அறிந்துகொள்வார். "அஸம்" என்று தன்னைக் கூப்பிடுவதை அவர் விரும்பவில்லை என்றும் அவருடைய மாணவர் இமாம் ஹாகிம் பதிவு செய்திருக்கிறார்.

இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. காது கேட்காதவரிடம் அறிவு குறைந்துவிடுவதில்லை. அவரைச் சூழ்ந்திருப்பவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தால் தொடர்பு அறுந்துபோவதும் இல்லை. பட்டப்பெயர் வைத்தால் மனம் நோகும் என்பது ஆயிரம் வருடத்துக்கு முன்னரும் அப்படித்தான்.

ஐரோப்பாவில் 1800களில் காதுக் குழல்கள் செய்து விற்றார்கள். ஒரு முனை அகன்ற கொம்பு போல இருக்கும், மறுமுனையைக் காதில் வைத்துக்கொள்ள வேண்டும். இசை மேதை பீத்தோவன் பயன்படுத்திய குழல்களை ஜெர்மனியின் பான் நகரில் அவர் பிறந்த வீட்டில் இன்றும் பார்க்கலாம். போர்த்துக்கல் மன்னர் ஆறாம் ஜோனுக்காக 1819இல் லண்டனில் ஒரு சிம்மாசனமே செய்யப்பட்டது. அதன் கைப்பிடிகள் இரண்டும் வாய் திறந்த சிங்கங்கள். வந்தவர் மண்டியிட்டு அந்தச் சிங்க வாயில் பேசினால், சத்தம் குழல் வழியாக மன்னரின் காதுக்குப் போகும்.

சிரிப்பாக இருக்கலாம். ஆனாலும் அந்தக் கதிரை ஒரு நல்ல வேலை செய்தது. பேசுபவரைப் பக்கத்தில் வரவைத்தது, ஒருவர் ஒருவராகப் பேசவைத்தது. நம் வீட்டுப் பெரியவருக்கும் இந்த இரண்டும் இன்றும் தேவை.

மின்சாரம் வந்தது

1898இல் அமெரிக்காவில் மில்லர் ரீஸ் ஹட்சிசன் என்பவர் மின்சாரத்தில் இயங்கும் காதுக் கருவியைச் செய்தார். அது மேசையில் வைக்கும் அளவுக்குப் பெரியது. பின்னர் வந்த வால்வு மெஷின்களை உடம்பில் கட்டிக்கொள்ளலாம் என்றாலும் பெட்டரியைத் தனியாகச் சுமக்க வேண்டியிருந்தது. 1950களின் தொடக்கத்தில் டிரான்சிஸ்டர் வந்தபிறகுதான் கருவி சிறிதாகிக் காதுக்குப் பின்னால் போனது. டிரான்சிஸ்டர் ரேடியோவை நாம் அறிவோம். ஆனால் அந்தச் சின்னப் பொருளை முதலில் வாங்கிப் பயன்படுத்திய பொதுமக்கள் காது மெஷின் போட்டவர்கள்தான். 1990களின் நடுவில் டிஜிட்டல் கருவிகள் வந்தன.

கருவி வருடத்துக்கு வருடம் முன்னேறியது. அதைப் போட்டவர் அதற்கு எப்படிப் பழகுவது என்ற கேள்வி மட்டும் நீண்ட காலம் பின்னாலேயே நின்றது.

ஓர் ஆசிரியர் கேட்ட கேள்வி

அந்தக் கேள்வியை முன்னுக்குக் கொண்டுவந்தது இரண்டாம் உலகப் போர். பீரங்கிச் சத்தத்தாலும் குண்டு வெடிப்பாலும் கேள்வியை இழந்து ஆயிரக்கணக்கான அமெரிக்க வீரர்கள் திரும்பி வந்தார்கள். அவர்களுக்காக இராணுவம் தனி நிலையங்களை அமைத்தது. அவற்றில் ஒன்று பென்சில்வேனியாவின் பட்லர் நகரில் இருந்த டெஷான் இராணுவ ஆஸ்பத்திரி. 1944இல் அங்கே பொறுப்பேற்ற ரேமண்ட் கார்ஹார்ட் ஒரு மருத்துவர் அல்ல. பல்கலைக்கழகத்தில் பேச்சுத் துறையில் கற்பித்த ஆசிரியர்.

அங்கே ஒரு வீரருக்கு மெஷினைக் கொடுத்து உடனே வீட்டுக்கு அனுப்பவில்லை. ஏறக்குறைய எட்டு வாரம் தங்கவைத்தார்கள். பல மெஷின்களைப் போட்டுப் பார்த்து, எதில் பேச்சு நன்றாக விளங்குகிறது என்று சோதித்தார்கள். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பாடம் நடந்தது. கேட்கும் பயிற்சியும் நடந்தது.

காதுப் பயிற்சிக்குக் கார்ஹார்ட் படிகள் வகுத்தார். முதலில், சத்தம் இருக்கிறதா இல்லையா என்று கவனிப்பது. அடுத்து, மணிச் சத்தமா கதவுச் சத்தமா என்று பெரிய வித்தியாசங்களைப் பிரிப்பது. பிறகு எளிய பேச்சு. கடைசியாக, ஒன்றுபோல ஒலிக்கும் சொற்களைப் பிரிப்பது. நாங்கள் கலாசாலையில் கற்ற பாடமும் இதுதானே: எளிதிலிருந்து கடினத்துக்கு. முதலாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் நாளே கட்டுரை எழுதக் கொடுப்போமா? ஆனால் பெரியவருக்கு மெஷினைப் போட்டு அன்று பின்னேரமே கல்யாண வீட்டுக்குக் கூட்டிப்போகிறோம்.

பிரிட்டனில் 1948இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது "மெட்ரெஸ்கோ" என்ற மெஷினை மக்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். பெரிய சாதனைதான். ஆனால் கருவி கையில் கிடைப்பது மட்டும் போதவில்லை. 1970களின் பிற்பகுதியில், மெஷின் போட்டவர்களைப் பழக்குவதற்கென்றே அந்தச் சேவையில் தனிப் பணியாளர்களை நியமித்தார்கள்.

மூளைக்கும் பாடம் வேண்டும்

ஏன் இத்தனை நாள் எடுக்கிறது? வயதாகும்போது கேள்வி மெல்ல மெல்ல, வருடக்கணக்கில் குறைகிறது. பெரும்பாலும் முதலில் போவது கூர்மையான ஒலிகள். "தட்டு", "கட்டு", "பட்டு" மூன்றுமே "அட்டு" என்பது போலக் கேட்கும். அதனால்தான் "சத்தம் கேட்குது, பேச்சு விளங்கல்ல" என்கிறார்கள். காகிதம் சரசரப்பது, பிரிட்ஜின் உறுமல், கரண்டி கோப்பையில் படுவது எல்லாவற்றையும் அவர்களின் மூளை மறந்தே போயிருக்கும். மெஷின் அவற்றையெல்லாம் ஒரே நாளில் திருப்பிக் கொண்டுவருகிறது. எது தேவை, எதை ஒதுக்கலாம் என்று மூளைக்கு உடனே தெரிவதில்லை. அதைத்தான் அவர் "இரைச்சல்" என்கிறார். அவர் சொல்வது உண்மைதான்.

1992இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஸ்டுவர்ட் கேட்ஹவுஸ் என்ற ஆய்வாளர், மெஷினின் முழுப் பயன் உடனே வருவதில்லை, குறைந்தது 6 முதல் 12 வாரம் போகும் என்று காட்டினார். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் அதே அளவு முன்னேற்றத்தைக் காணவில்லை. ஆனாலும் இரண்டு நாளில் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது உறுதி. அதற்கு முன் 1984இல் அமெரிக்காவில் சில்மன் குழுவினர் இன்னொன்றைக் கவனித்தார்கள். இரண்டு காதும் குறைந்தவர்கள் ஒரு காதுக்கு மட்டும் மெஷின் போட்டபோது, சும்மா விடப்பட்ட காதின் பேச்சு விளங்கும் திறன் வருடப்போக்கில் குறைந்தது. பயன்படுத்தாத அறிவு மங்குவது போலத்தான். இரண்டு காதுக்கும் தேவை என்று சொன்னால், முடிந்தவரை அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

நம் நாட்டில் செவிப்புலன் கல்வி 1912இல் மேரி சாப்மன் என்ற அம்மையார் தொடங்கிய பாடசாலையுடன் வருகிறது. அது இன்று இரத்மலானையில் இருக்கிறது. நம் கண்டியிலும் செங்கடகல பாடசாலை இருக்கிறது. அங்கே ஒரு பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் ஆசிரியர் பக்கத்தில் இருந்து பழக்குகிறார். அறுபத்தைந்து வயதில் முதல் தடவை மெஷின் போடுபவருக்கு அப்படி யாரும் இல்லை. அவருக்கு ஆசிரியர் வீட்டில் இருப்பவர்கள்தான்.

வீட்டில் செய்யக்கூடியது

டெஷானின் எட்டு வாரத்தை நம் வீட்டுக்கு ஏற்றபடி இப்படி வைத்துக்கொள்ளலாம்.

முதல் வாரம்: அமைதியான அறை, ஒரே ஓர் ஆள். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் தொடங்கி நேரத்தைக் கூட்டுங்கள். வீட்டுச் சத்தங்களை ஒவ்வொன்றாகக் காட்டி "இது ஃபேன், இது குழாய்த் தண்ணி" என்று பெயர் சொல்லுங்கள். சொந்தக் குரலே குடத்துக்குள் பேசுவது போல இருக்கும். தினமும் கொஞ்சம் சத்தமாக ஓதினாலோ பத்திரிகை வாசித்தாலோ அது பழகும். பழகாவிட்டால் மெஷின் தந்த இடத்தில் சொல்லுங்கள், சரிசெய்யலாம்.

இரண்டாம், மூன்றாம் வாரம்: இரண்டு மூன்று பேரின் பேச்சு, டிவி செய்தி, பக்கத்துக் கடை. இந்தக் கட்டத்தில் விழித்திருக்கும் நேரம் முழுக்கப் போட்டிருக்கப் பார்க்க வேண்டும்.

அதன்பிறகு: கட்டுகஸ்தோட்டைப் பாதையின் பஸ் இரைச்சல், டவுன் மார்க்கெட். கல்யாண மண்டபம் எல்லாவற்றுக்கும் கடைசி. ஜும்ஆவில் தூணுக்குப் பின்னால் உட்காராமல், குத்பா சொல்பவரின் முகம் தெரியும் இடத்தில் உட்காருவது நல்லது.

கூவென்ற விசில் வந்துகொண்டே இருந்தால் காது அச்சு சரியாக உட்காரவில்லை, அல்லது காதில் குறும்பி இருக்கிறது. வலியோ புண்ணோ இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம், திரும்பப் போய்க் காட்டுங்கள். வுழூவுக்கும் குளிக்கவும் கழற்றி வையுங்கள், காது காய்ந்தபின் போடுங்கள். நம் கண்டி ஈரத்துக்கு இரவில் ஈரம் உறிஞ்சும் பைக்கட் போட்ட டப்பாவில் வைப்பது நல்லது. வட்டப் பெட்டரியின் ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் வைத்திருந்து பிறகு போடுங்கள். சின்னப் பிள்ளைகள் அதை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொன்று. ஒன்றிரண்டு நாளுக்குள் திடீரென்று கேள்வி குறைந்தாலோ, காதில் சீழ் வந்தாலோ மெஷின் தேட வேண்டாம். தாமதிக்காமல் காது மூக்கு தொண்டை கிளினிக்கில் காட்டுங்கள். காதைச் சோதிக்காமல் இணையத்தில் ஓடர் பண்ணுவதும் வேண்டாம்.

பேசுபவர்களுக்கும் பாடம் இருக்கிறது. முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். முகத்தில் வெளிச்சம் விழும்படி நின்று, நிறுத்தி நிதானமாகப் பேசுங்கள். கத்தினால் மெஷினுக்குள் சொல் உடைந்துதான் போகும். விளங்காவிட்டால் அதையே திருப்பிச் சொல்லாமல் வேறு சொல்லில் சொல்லுங்கள். "ஒண்டுமில்ல, விடுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல் அவரைக் கதைக்கு வெளியே தள்ளிவிடுகிறது.

இதை வாசிக்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைக்கு இந்த மாதம் ஒரு வீட்டுப்பாடம் கொடுங்கள். மெஷின் போடும் உம்மம்மாவுக்கோ அப்பாவுக்கோ, பக்கத்து வீட்டுப் பெரியவருக்கோ ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் பத்திரிகையோ பாடப் புத்தகமோ வாசித்துக் காட்டட்டும். அவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லட்டும். பிள்ளையின் வாசிப்பும் திருந்தும், பெரியவரின் காதும் பழகும்.

தேவைப்படும் ஒருவருக்கு இதை அனுப்பி வையுங்கள்.