மௌசிமும் மாலுமியின் பொறுமையும்

‘மௌசிம்’ என்னும் அரபுச் சொல் குறித்த பருவத்தைச் சுட்டுவது. கடலோடிகள் வழக்கில் அது கப்பல் புறப்படும் காலமாயிற்று. ஐரோப்பியர் நாவில் ‘மான்சூன்’ எனத் திரிந்தது. 15-ஆம் நூற்றாண்டு மாலுமி அஹ்மது இப்னு மாஜித், ‘கிதாபுல் ஃபவாயித்’ நூலில் விண்மீன்களோடு புறப்பாட்டுக் காலங்களையும் வகுத்துரைத்தார். முடிச்சிட்ட கயிறு பூண்ட ‘கமால்’ என்னும் சிறு பலகை துருவமீனின் உயரத்தை அளக்கும். காற்று திரும்பும் நாளைக் காட்டாது. எனவே பருவம் தவறின் துறையிலேயே தங்குவதும் பயணத் திட்டத்தில் அடங்கும்.

நம் சோழமண்டலக் கரையிலோ ஒதுங்க இடம் அரிது. தட்டாஞ்சாவடிக்குக் கிழக்கே விரியும் புதுவைக் கடலில், பாய்க்கப்பல்கள் திறந்த நீரிலேயே நங்கூரமிட்டன. ஐப்பசி பிறக்குமுன் அகன்றுவிடுதல் அறிவுடைமை. 1746 செப்டம்பரில் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே, மீட்புப்பணப் பேரத்தில் காலந்தாழ்த்தினார். அக்டோபரில் ஓரிரவுப் புயல் அவர் படையைச் சிதைத்தது. 1761 சனவரி முதல் நாள், புதுவையை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்கள் சிலவும் புயலில் அழிந்தன. வென்றவர், முற்றுகையிட்டவர் என்னும் வேற்றுமையைக் காற்று அறியாது.

இன்று துறைமுகங்களில் புயல் கூண்டு ஏறுகிறது. எனினும், ஆதாயத்தை விட்டுக் கரையில் நிற்கும் உறுதியைக் கருவி தாராது. காலத்தைக் கணித்து, கயிற்றை இறுக்கியபின் இறைவனிடம் பொறுப்பை ஒப்படைப்பதே தவக்குல். கணியாது பாய்விரித்தல் துணிவன்று.